பொறி வந்தது, ஊர் மாறவில்லை

நேயர்களுக்கு வணக்கம். அறிவியல் கதைகளைச் சிறுவயது முதல் நேசித்து வரும் எனக்கு அவற்றின்மீது ஒரு நெடுநாள் குறை உண்டு. அக்கதைகளில் வியப்பூட்டும் கருவிகள் வருகின்றன. ஆனால் அவற்றால் வீட்டு வாடகையோ கூலியோ கடைத்தெருவோ மாறுவதில்லை.

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரில், ஆளைக் கதிராகக் கரைத்து வேறோர் இடத்தில் மீண்டும் உருவாக்கும் டிரான்ஸ்போர்ட்டர் என்னும் பொறி உண்டு. வாரந்தோறும் விண்கலம் ஒரு கோளில் இறங்குவதைப் படமாக்கப் பணம் போதாததால் பிறந்த பொறி அது. முதல் ஆண்டிலேயே ஒரு கதையில் அது பழுதாகி, கப்பல் தலைவர் கிர்க் இருவராகப் பிரிந்துவிடுகிறார். கீழே கோளில் சிக்கிய கப்பல் அதிகாரி சுலுவும் தோழர்களும், இரவின் கொடுங்குளிரில், துப்பாக்கிக் கதிரால் பாறைகளைச் சூடாக்கி அவற்றை ஒட்டி ஒடுங்கிக் கிடக்கிறார்கள். சிறிய கலம் ஒன்றை அனுப்பி அவர்களை ஏற்றி வரக்கூடாதா என்று அந்தக் காட்சியைக் காணும்போதெல்லாம் என் மனம் பதைக்கும். அத்தகைய கலம் தொடருக்குள் வந்ததே அதற்குப் பிறகு, 1966 நவம்பரில்தான். கதைக்கு வேண்டியபோது பொறி இயங்குகிறது, வேண்டியபோது பழுதாகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1992இல், இதன் வழித்தொடர் ஒன்றில், பொறியாளர் ஸ்காட்டி அதே பொறிக்குள் 75 ஆண்டுகள் மூப்பில்லாமல் இருந்து வெளிவருகிறார். தீராத நோயாளிகளை மருந்து கண்டுபிடிக்கும்வரை இப்படிக் காத்து வைக்கலாமே என்று யாரும் கேட்பதில்லை. மறுவாரக் கதையை எழுத வருபவருக்கு உலகம் பழையபடியே இருந்தாக வேண்டும். நமக்கும் அது பழகிய உலகமாகத் தெரிய வேண்டும். ஆகவே பொறி கப்பலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

மெய்யுலகில் நடந்ததைப் பாருங்கள். 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல், நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கன்டெய்னர்களைச் சுமந்து சென்றது. வெறும் உலோகப் பெட்டிகள்தான்; ஆனால் துறைமுகங்களில் மூட்டை சுமந்தவர்களின் வேலை கரைந்தது, கன்டெய்னர் கப்பல்கள் நுழைய முடியாத லண்டனின் பழைய கப்பல்துறைகள் 1981க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அவற்றை நம்பியிருந்த தெருக்கள் வாடின. ஒரு பெட்டியே இத்தனை செய்தது என்றால், ஆளையே அனுப்பும் பொறி எத்தனை பேருந்து ஓட்டுநர்களை, எத்தனை சுங்கச் சாவடிகளை அசைத்திருக்க வேண்டும்!

இதை உணர்ந்து எழுதியவர் அமெரிக்க அறிவியல் கதை எழுத்தாளர் லாரி நிவென். அவரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவரது 1973ஆம் ஆண்டுக் குறுநாவலில், கூண்டுக்குள் நுழைந்து எங்கும் போகலாம் என்றானபின், ஓரிடத்தில் கலகம் என்ற செய்தி பரவியதும், வேடிக்கை பார்ப்பவரும் கொள்ளையடிப்பவரும் நொடியில் அங்கே குவிந்துவிடுகிறார்கள். நன்றி, வணக்கம்.