ஓடும்போதே உருமாறும் அறிக்கை

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மென்பொருள் தரும் அறிக்கை எந்த வடிவில் வர வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? நிரலை எழுதியவரா, அறிக்கையைப் படிப்பவரா? படிப்பவர்தான், அதுவும் அது தேவைப்படும் அந்த நேரத்தில்தான் என்பது நெடுநாளாக என் கட்சி. அதற்கு எளிய வழி, நிரலை இயக்க நாம் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில் சேர்க்கும் ஆப்ஷன்கள், அதாவது விருப்பத் தேர்வுகள்.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை உங்களில் பலருக்குப் பழக்கமானது. வெறுமனே தட்டினால் பெயர்கள் மட்டும் வரும். ஒரு ஹைஃபன் போட்டு எல் சேருங்கள். அளவும் தேதியும் உரிமையாளர் பெயரும் வந்துவிடும். டைம் என்பதன் முதல் எழுத்தைச் சேர்த்தால் புதிய கோப்பு மேலே வரும். நிரல் ஒன்றுதான், கேட்கும் கேள்விதான் மாறுகிறது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு 1971-ல் வந்த முதல் கையேட்டிலேயே இந்த இரண்டு ஆப்ஷன்களும் இருக்கின்றன.

நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் மாத விற்பனை அறிக்கைக்கு ஒரு நிரல் இருந்தது. கணக்குப் பிரிவுக்குத் தேதிவாரியாக வேண்டும். விற்பனைப் பிரிவுக்குப் பொருள்வாரியாக வேண்டும். மேலாளருக்கு மொத்தத் தொகை போதும். ஒவ்வொருவர் கேட்டபோதும் நிரலை நகலெடுத்துத் திருத்திக் கொடுத்தார்கள். இப்படி மூன்று நிரல்கள். பிறகு தள்ளுபடியைக் கணக்கிடும் முறை மாறியது. இரண்டு நகல்களில் திருத்தினார்கள், மூன்றாவது விடுபட்டது. மாதக் கடைசியில் மூன்று அறிக்கைகளையும் மேசையில் வைத்தால் மொத்தத் தொகை ஒத்துப்போகவில்லை. எது சரி என்ற வாக்குவாதத்திலேயே நாட்கள் போயின. கடைசியில் மூன்றையும் ஒரே நிரலாக்கி, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, எதன்படி தொகுப்பது, விவரமா சுருக்கமா என நான்கு ஆப்ஷன்கள் வைத்தார்கள். கணக்கீடு ஓரிடத்தில் நின்றது. அடுத்து ஒருவர் வாரவாரியாகக் கேட்டபோது யாரும் நிரலைத் தொடவில்லை. தேதிகளை மாற்றிக் கொடுத்தால் போதுமாக இருந்தது. திரும்பவும் சொல்கிறேன்: நிரல் ஒன்றுதான், கேட்கும் கேள்விதான் மாறுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆப்ஷன் எதுவும் தராதவருக்கும் பயனுள்ள அறிக்கை கிடைக்க வேண்டும். பெரும்பாலானோர் அப்படித்தான் இயக்குவார்கள். ஹெல்ப் என்று கேட்டால் எல்லா ஆப்ஷன்களையும் நிரலே சொல்லிவிட வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். நிரலின் அமைப்புகளை எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பு, இயங்குதளம் நிரலுக்குத் தரும் மதிப்பான சூழல் மாறி, கட்டளை வரி மூன்றிலும் ஒரே அமைப்புக்கு வெவ்வேறு மதிப்புகள் இருந்தால் எது வெல்லும் என்பதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக, கட்டளை வரிதான் வெல்ல வேண்டும். கடைசியாக வாய் திறந்து கேட்டது அதுதானே. இன்னும் ஒன்று: எந்த ஆப்ஷன்களோடு ஓடியது என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே அச்சிடச் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து அதே அறிக்கையை மறுபடி எடுக்க அந்த வரி ஒன்றே போதும். நன்றி, வணக்கம்.