கோல் அடிக்காதவருக்கும் பாயிண்ட்: ஐஸ் ஹாக்கி கணக்கு

[திரையில்: மண் மைதானம், மைக்செட்]

வணக்கம். கூடலூரிலிருந்து பேசுகிறேன். நாடுகாணி சுரம் இறங்கினால் வழிக்கடவு, மலப்புறம் மாவட்டம். அதனால் எங்களுக்கு செவன்ஸ் கால்பந்துதான் உயிர். கோல் விழுந்தால் மைக்கில் அடித்தவன் பெயர் மட்டும் அலறும். பந்தை எடுத்துக் கொடுத்தவன் பேசாமல் தண்ணீர் குடிக்கப் போவான்.

ஐஸ் ஹாக்கியில் அவனுக்கும் பங்கு உண்டு. பந்துக்குப் பதில் 'பக்' என்ற ரப்பர் வில்லை. கோல் அடித்தவருக்கு ஒரு பாயிண்ட். எதிரணி இடையில் பறிக்காதபடி அவருக்குக் கடத்திக் கொடுத்த கடைசி இருவருக்கும் ஆளுக்கு ஒரு பாயிண்ட். இதுதான் அசிஸ்ட். அரை இல்லை, முழுசு!

[திரையில்: 894 + 1963 = 2857]

வெய்ன் கிரெட்ஸ்கி என்ற வீரர். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில், சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களைச் சேர்க்காமல், 894 கோல், 1963 அசிஸ்ட். கோல் சாதனையை 2025 ஏப்ரலில் ஒவெச்கின் தாண்டிவிட்டார். ஆனால் கிரெட்ஸ்கியின் கோல்களை மொத்தமாக அழித்தாலும் பாயிண்ட் பட்டியலில் அவர்தான் முதல். அடுத்து நிற்கும் யாகருக்குக் கோலும் அசிஸ்டும் சேர்த்தே 1921தான்.

சரி, கோலும் போடாத, பாஸும் கொடுக்காத தடுப்பாட்டக்காரர்? அவருக்குப் பிளஸ்-மைனஸ். நாம் கோல் போடும்போது பனித்தளத்தில் இருந்த நம் ஆட்களுக்கெல்லாம் +1, எதிரணி ஆட்களுக்கு −1. தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது அடித்த கோல் சேராது. ஆள் குறைந்த அணியே அடித்தால் சேரும். பாபி ஓர் என்ற தடுப்பாட்டக்காரர் 1970-71 சீசனில் எடுத்த +124 இன்றும் சாதனை.

எனக்கு இந்தக் கணக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆட்டம் ஓடும்போதே ஆள் மாறிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம் போல ஆட்டம். இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் யாரோ விட்ட கோலுக்கு இவர் தலையில் −1.

அப்புறம் வந்ததுதான் கோர்சி. பஃபலோ அணியில் கோலி (கோல்கீப்பர்) பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயர். கோல்கள் குறைவு, கோலை நோக்கிய அடிகள் ஏராளம். அதனால் உள்ளே போனது, கோலி பிடித்தது, வெளியே பறந்தது, நடுவில் காலில் பட்டது எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். ஒருவர் தளத்தில் இருக்கும்போது நம் அடிகள் கூடுதலா, அவர்களுடையதா? அவ்வளவுதான்.

கோலிக்குப் பிளஸ்-மைனஸ் கிடையாது. கோலுக்கு வந்த 30 அடியில் 27 தடுத்தால் தடுத்த விகிதம் .900. கேட்கப் பிரமாதமாக இருக்கும், மூன்று வாங்கியிருக்கிறார்.