முடிவெடுக்காத பிள்ளைக்கும் விண்ணப்பம் உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அறுபதுகளில் நம் பக்கத்தில் 'ரேடியோ நெல்' என்று ஒரு ரகம் இருந்தது. சரியான பெயர் ஆடுதுறை 27. திருச்சி வானொலியில் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் 'அந்த ரேடியோவில் சொன்ன நெல்' என்றே கேட்டு வாங்கி, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. என் தாத்தாவும் வாங்கினார். ஆனால் இருந்த ஆறு மா நிலத்தில் முதல் வருஷம் ஒரு மாவில்தான் அதைப் போட்டார். மிச்சம் அஞ்சு மாவிலும் வழக்கமான நெல்தான். "ஏன், நம்பிக்கை இல்லையா?" என்று பாட்டி கேட்டதற்கு, "எப்படி வரும்னு தெரியலை, அவ்வளவுதான்" என்றாராம்.

இப்படித் 'தெரியலை' என்று சாதாரணமாகச் சொல்ல நம் வீட்டு பிளஸ் டூ பிள்ளைக்கு மட்டும் அனுமதி கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார்: "என்னப்பா, அடுத்து என்ன படிக்கப் போறே?" பிள்ளை சாம்பாரைப் பார்த்துக்கொண்டே "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்பான். கேள்வி அத்தோடு நின்றுவிடும், அதற்காகத்தான் அந்தப் பதில்.

நான் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். சேர்க்கை நேரத்தில் உதவி மையத்தில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். என் எதிரே வந்து நின்ற பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு என்ன படிப்பதென்று தெரியாது. அதை நான் குறையாக நினைத்ததே இல்லை. பதினேழு வயதில் அவர்கள் பார்த்த வேலைகள் எத்தனை? வாத்தியார், நர்சம்மா, போலீஸ், பேங்க், வி.ஏ.ஓ., அப்புறம் வெளிநாட்டிலிருந்து வருகிற சித்தப்பா. அதற்குள் எதைத் தேர்ந்தெடுப்பது?

'முடிவு பண்ணலை, அதனால் விண்ணப்பமும் போடலை' என்று வரும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும். விண்ணப்பம் போட முடிவு தேவையில்லை. சேரும்போதுதான் அது தேவை. இரண்டுக்கும் நடுவில் பல வாரம் இருக்கிறது.

ஆனால் எல்லாக் கதவும் ஒரே நாளில் திறந்து ஒரே நாளில் மூடுவதில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி மே மாதவாக்கில் பதிவு நடக்கும். திருவாரூர் நீலக்குடியில் 2009-லிருந்து மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே இளநிலைப் படிப்பில் சேர கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் பொதுத் தேர்வு முடிவதற்குள்ளேயே வந்து போய்விடும். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே இருக்கும் மத்திய அரசு நிறுவனத்தில் பி.டெக். சேர ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். பக்கத்து ஊரில் இருக்கிற இடத்தை, தேதி தெரியாததால் விட்டுவிட்டு, எங்கோ மேற்கே பெயர் தெரியாத கல்லூரிக்கு லட்சம் கட்டிய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

வேளாண்மையும் மீன்வளமும் பொறியியல் விண்ணப்பத்துக்குள் வராது. அவற்றுக்குத் தனியாகப் போட வேண்டும். ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி, தலைஞாயிறில் மீன்வளக் கல்லூரி. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி, கும்பகோணத்தில் கவின் கலைக் கல்லூரி. இவை இருப்பதே தெரியாத பெற்றோர் பத்து கிலோமீட்டருக்குள் வசிக்கிறார்கள். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய் என்றுதான் வாங்கிவந்தார்கள். அந்த ஐம்பது ரூபாய்தான் தாத்தா சோதித்துப் பார்த்த அந்த ஒரு மா நிலம்.

உதவி மையத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு பையன், அப்பாவோடு வந்திருந்தான். அப்பா கையில் மஞ்சள் பை, அதற்குள் சான்றிதழ்கள் பாலிதீன் உறையில் பத்திரமாக இருந்தன. பையனுக்கு நல்ல மார்க். ஆனால் அவனுக்கான கலந்தாய்வு நாள் முந்தின வாரமே முடிந்திருந்தது. குறுஞ்செய்தி வரவில்லையா என்று கேட்டால், வரவில்லை என்றான். விண்ணப்பத்தில் இருந்த கைபேசி எண்ணைப் படித்துக் காட்டினேன். அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது பிரவுசிங் சென்டர்காரரின் எண்! ஓ.டி.பி. சட்டென்று வரட்டும் என்று அவர் தன் எண்ணையே போட்டிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வாசலில் அவ்வளவு கூட்டம். காலியிடம் இருந்த ஒரு பாடத்தில்தான் பையன் கடைசியில் சேர்ந்தான். உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல். இந்த மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள், வேறு யாரிடமும் விடாதீர்கள்.

பொறியியலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக இருநூறுக்குக் கட் ஆஃப். அது எல்லோருக்கும் தெரியும். விருப்பப் பட்டியல் போடுவதில்தான் தப்பு நடக்கிறது. 'இது நமக்குக் கிடைக்காது' என்று பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளி, கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடுகிறார்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். உங்கள் தர வரிசைக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். கிடைக்காததை முதலில் எழுதியதால் அடுத்தது கைவிட்டுப் போகாது. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ஆசைப்பட்ட வரிசையில் எழுதுங்கள், நீளமாக எழுதுங்கள்.

சரி, எதை எழுதுவது? போய்ப் பாருங்கள். கல்லூரியே அழைத்துச் சுற்றிக் காட்டும் நாள், விழா நாள் வேண்டாம், அன்றைக்கு எல்லாக் கல்லூரியும் அழகுதான். ஏதாவது ஒரு புதன்கிழமை மதியம் போங்கள். நான் வேதியியல்காரன் என்பதால் ஆய்வகத்தைத்தான் பார்ப்பேன். பியூரெட் என்கிற நீளமான கண்ணாடி அளவுக் குழாய்கள் வரிசையாக மாட்டியிருக்கும், அதன் அடியில் உள்ள திருகைத் திருகினால் திரும்புகிறதா, இறுகிக் கிடக்கிறதா? சிங்க்கில் தண்ணீர் வருகிறதா? மேசையில் அமிலம் பட்ட கறை இருக்கிறதா? கறையே இல்லாத ஆய்வகத்தில் யாரும் வேலை செய்வதில்லை. அப்புறம் வாசலில் நின்று இரண்டாம் வருஷப் பிள்ளையிடம் கேளுங்கள்: "வாத்தியார் இருக்காங்களா?" வெளியே வந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். விளம்பரப் புத்தகத்தில் இல்லாதவை இவைதான்.

என்ன படிப்பதென்று தெரியாத பிள்ளைக்கு என் சொந்தக் கருத்து இது, ஒப்புக்கொள்ளாமல் போகலாம். பழைய, பெரிய பெயருள்ள பாடத்தை எடுங்கள். கணிதம், இயற்பியல், வணிகவியல், தமிழ், ஆங்கிலம், பொருளாதாரம். பி.எஸ்சி. கணிதம் முடித்தவர் பி.எட். போகலாம், எம்.சி.ஏ. போகலாம், குரூப் 2 எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம். மூன்று வருஷம் கழித்தும் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை. மூன்று நான்கு சொல் ஒட்டிய புதுப் பெயர்ப் பட்டம் இருக்கிறதே, அதில் சேருமுன், அரசு வேலைக்கு எந்தப் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா பாருங்கள். அந்த இணைத்தன்மைக்காகச் சென்னைக்கு அலைந்த மாணவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் ராமானுஜனை இழுப்பார்கள். 1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் அந்தத் தொகையை இழந்தார். உண்மைதான். ஆனால் அவருக்குக் குழப்பமே கிடையாது. என்ன வேண்டும் என்று அவ்வளவு தீர்மானமாகத் தெரிந்ததால்தான் அந்தச் சங்கடம். நம் பிள்ளையின் சிக்கல் நேர் எதிரானது.

ஊருக்குள் பைக்கில் வந்து 'இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க, ஒரிஜினலைக் கொடுங்க' என்பவர்களிடம் எதையும் கொடுக்காதீர்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே சொல்லியிருக்கிறது.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் தனியே உண்டு, படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இருக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் இப்போதே கொடுங்கள். மே மாதம் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க இடம் இருக்காது. கொடுக்குமுன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, பெயரில் ஓர் எழுத்து கூடக் குறைய இருக்கிறதா என்று இன்றைக்கு ராத்திரியே பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.