பேஸ் கிட்டாருக்குச் சின்ன ஆம்ப்: வாட்டைப் பார்ப்பதா, ஸ்பீக்கரைப் பார்ப்பதா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதே சந்தேகத்தை வேறு வேறு மாதிரி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பவர் நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தம்பி. அவர் கேள்வியைப் படித்துவிடுகிறேன்.

"அண்ணே, பேஸ் பழக ஆரம்பித்திருக்கிறேன். இப்போதைக்கு என் அண்ணனுடைய 10 வாட் கிட்டார் ஆம்பில்தான் வாசிக்கிறேன். இருப்பது பழைய லயத்து வீடு, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். கையில் 700 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பேஸ் என்றால் 100 வாட்டுக்குக் குறைந்து வாங்காதே என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். ஈப்போவில் கடைக்காரர் 25 வாட்டைக் காட்டுகிறார். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப் ஒன்றும் மலிவாக விலைக்கு வருகிறது. கோயில் பஜனையிலும் வாசிக்க ஆசை. எதை வாங்கலாம்?"

சரி தம்பி. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழகுவதற்கு 100 வாட் தேவையே இல்லை. 25 முதல் 40 வாட் போதும். ஆனால் வாட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்பீக்கர் எத்தனை இஞ்ச், பெட்டி எப்படி இருக்கிறது, வீட்டில் வாசிக்கப்போகும் அந்தக் குறைந்த சத்தத்தில் தடித்த ஈ (E) கம்பி தெளிவாகக் கேட்கிறதா, இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். பேஸின் ஈ கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது சுமார் 41 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயிதான் வித்தியாசம், ஆனால் ஸ்பீக்கருக்கு அது பெரிய வேலை. ஒரு ஸ்தாயி கீழே போய் அதே அளவு ஒலி வர வேண்டுமென்றால், ஸ்பீக்கரின் கோன், அதாவது காற்றைத் தள்ளும் அந்தக் கூம்பு, நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கரின் கோன் அவ்வளவு தூரம் போய்வருவதற்காகச் செய்யப்பட்டதில்லை. அதனால் உங்கள் அண்ணனுடைய ஆம்பில் சத்தத்தைக் கூட்டும்போது 'பர்ர்ர்' என்று கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்தால் உடனே குறைத்துவிடுங்கள். மெதுவாக வாசிக்கிற வரைக்கும் அந்த ஆம்புக்கு ஒன்றும் ஆகாது, அண்ணன் திட்டவும் மாட்டார். கூட்டி வாசித்தால் கோன் போய்விடும்.

இன்னொன்று, கிட்டார் ஆம்ப் நிறையவற்றின் பின்பக்கம் திறந்திருக்கும். கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஸ்தாயி ஒலியில் பின்னால் வரும் அலை சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, முன்னால் இருக்கும் அலையையே அழித்துவிடும். பேஸ் ஆம்பின் பெட்டி முழுக்க மூடியிருக்கும், இல்லையென்றால் அளவு பார்த்து வைத்த ஒரு துளை மட்டும் இருக்கும். இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே அதற்கென்று பேஸ்மேன் என்று தனியாக ஒரு ஆம்ப் செய்ய வேண்டி வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு 15 இஞ்ச் ஸ்பீக்கர்.

இப்போது வாட் விஷயம். 25 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறோம். ஆகாது. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் 3 டெசிபெல்தான் கூடும். கொஞ்சம் கூடியிருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் 8 இஞ்ச் ஸ்பீக்கரிலிருந்து 10 இஞ்சுக்குப் போனால் காற்றைத் தள்ளும் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. அந்த வித்தியாசம் நெஞ்சிலேயே தெரியும். அதனால் 8 இஞ்ச் 50 வாட்டும் 10 இஞ்ச் 40 வாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நான் 10 இஞ்சைத்தான் முதலில் வாசித்துப் பார்ப்பேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். 8 இஞ்சோ 10 இஞ்சோ, இந்தச் சின்னப் பெட்டிகள் எதுவும் 41 ஹெர்ட்ஸை முழுப் பலத்தோடு தராது. ஆனாலும் நமக்குப் பேஸ் கேட்கிறதே, எப்படி? கம்பி 41இல் மட்டும் ஒலிப்பதில்லை. கூடவே 82, 123, 164 என்று மேல் ஒலிகளும் வருகின்றன. அவற்றைக் கேட்டு, அடியில் இருக்க வேண்டிய ஒலியை நம் காதும் மூளையும் சேர்ந்து நிரப்பிக்கொள்கின்றன. கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில்கூடப் பாட்டின் பேஸ் எங்கே போகிறது என்று உங்களால் பின்தொடர முடிவது இதனால்தான். இது தெரிந்தால் ஆம்பில் குமிழ்களை எப்படித் திருப்புவது என்பதும் தெரிந்துவிடும். பழகுகிறவர்கள் முதலில் செய்வது பேஸ் குமிழை முழுக்கத் திருகுவதுதான். சின்ன ஆம்பில் அதனால் வருவது வெறும் உறுமல். கோன் வீணாகத் துடிக்கிறது, வாட்டெல்லாம் அதிலேயே போகிறது, எந்த ஸ்வரம் என்றே தெரியவில்லை. பேஸ் குமிழைப் பாதியில், ஏன், பாதிக்கும் கொஞ்சம் கீழேகூட வையுங்கள். நடு ஒலிகளுக்கான 'மிட்' குமிழைப் பாதிக்கு மேலே கூட்டுங்கள். உங்கள் விரல் சரியாக அழுத்துகிறதா, நேரத்துக்கு விடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் கேட்கும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டு மாதிரி ஓடும். அதை எடுத்துப் பழகும்போது வேண்டியது இந்தத் தெளிவுதான், அதிர்வு இல்லை.

அடுத்து உங்கள் பலகைச் சுவர். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும். பலகையை மட்டும் சொல்லவில்லை, தாமான் வீட்டுச் செங்கல் சுவரையும் தாண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு உங்கள் பாட்டு கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும். அது பாட்டைவிட எரிச்சல். ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலியில் வையுங்கள், கீழே ஒரு பழைய மெத்தைத் துண்டு போடுங்கள். பலகைத் தரையாக இருந்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். மூலையில் வைக்காதீர்கள். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி தானாகவே பெருகும். நாற்காலியில் வைப்பதில் இன்னொரு நன்மை, ஸ்பீக்கர் உங்கள் காதுக்குக் கிட்டே வருகிறது. முழங்காலுக்கு வாசிக்காமல் காதுக்கு வாசிப்பீர்கள், சத்தத்தைக் குறைத்தாலே போதும் என்று ஆகிவிடும்.

ராத்திரிக்கு ஹெட்போன். அதனால் ஹெட்போன் துளை இல்லாத ஆம்பை வாங்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் நின்றுவிட வேண்டும், அதையும் கடையிலேயே பாருங்கள். கைப்பேசியிலிருந்து பாட்டை விட்டுக் கூடவே வாசிக்க ஆக்ஸ் துளையும் வேண்டும். ப்ளூடூத் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். பாட்டு ப்ளூடூத்தில் ஆம்புக்கு வந்தால் பரவாயில்லை, வந்து சேர்கிற பாட்டோடுதானே வாசிக்கிறீர்கள். ஆனால் ப்ளூடூத் ஹெட்போனில் உங்கள் பேஸைக் கேட்காதீர்கள். விரல் பட்டதற்கும் காதில் விழுவதற்கும் நடுவில் இடைவெளி வரும், தாளம் கெட்டுப்போகும். கம்பி வைத்த ஹெட்போன்தான்.

பேர் சொல்லுங்கள் அண்ணே என்று கேட்பீர்கள். ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்ச் கிரஷ் பேஸ் 25, ஆம்பெக் ஆர்பி-108, மூன்றும் 8 இஞ்ச். மூன்றிலும் ஹெட்போன், ஆக்ஸ் உண்டு. ஆரஞ்சில் டியூனரும் உள்ளேயே இருக்கிறது, பழகுகிறவருக்கு அது நல்ல வசதி. ஒரு படி மேலே ரம்பிள் 40. 10 இஞ்ச், சுமார் 8 கிலோதான், மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு போகலாம். விலை மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் அதைச் சொல்லவில்லை. உங்கள் காசுக்கு ரம்பிள் 40 நல்ல நிலையில் கைமாறி வந்தால் விடாதீர்கள். காசு இன்னும் குறைவு என்பவர்களுக்கு வாக்ஸ் ஆம்ப்ளக் பேஸ் இருக்கிறது. பேஸிலேயே நேராகச் செருகி, அதில் ஹெட்போனைச் செருகுவது. இரண்டு ட்ரிபிள்-ஏ பேட்டரி போதும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்த ஆம்பும் கேட்காது, இது கேட்கும்.

இப்போது அந்த ஜப்பான் ஆம்ப். இதைக் கவனமாகக் கேளுங்கள் தம்பி. நம் ஊர் பண்டல் கடைகளிலும் இணையத்திலும் ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் நிறைய வருகிறது. சாமான் நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. அப்படியே செருகினால் ஃபியூஸ் போவது மட்டும் இல்லை, உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே கருகலாம். ஆம்பின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். அந்த விலையையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு அவ்வளவாக மிஞ்சாது.

பிளக் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு முள் பிளக்கை வைத்துக்கொண்டு, சுவரில் மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறந்து செருகுவதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆம்புக்கு அதைச் செய்யாதீர்கள். பேஸின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. இரண்டு கையாலும் நீங்கள் தொட்டுக்கொண்டிருப்பது அந்தக் கம்பிகளைத்தான். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நிற்கிறீர்கள். மூன்று முள் பிளக், எர்த் சரியாக உள்ள சாக்கெட், இதில் சமரசமே கூடாது. பழைய லயத்து வீட்டில் வயரிங்கை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

பழையது வாங்கப் போனால் உங்கள் பேஸையும் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கரகரவென்றால் தூசியாக இருக்கலாம், பெரிய குறை இல்லை, விலை பேசலாம். வலையைக் கழற்ற முடிந்தால், ஆம்பை அணைத்துவிட்டு, கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். உள்ளே எதிலோ உரசுகிற மாதிரி இருந்தால், கோனை அசைக்கும் கம்பிச்சுருள் ('காயில்') போயிருக்கிறது, வேண்டாம். அப்புறம் ஈ கம்பியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒவ்வொரு ஸ்வரமாக, மெதுவாக, ஒவ்வொன்றையும் நீட்டி வாசியுங்கள். ஏதாவது ஒரு ஸ்வரத்தில் மட்டும் பெட்டி 'கிர்' என்று அதிர்ந்தால் திருகு தளர்ந்திருக்கலாம், ஒட்டு விட்டிருக்கலாம். கடையில் புதியது வாங்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டிக் காட்டுவார். நீங்கள் குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கிற அளவுக்குக் குறைத்து, அந்தச் சத்தத்தில் தெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் உங்கள் நேரமெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் போகப்போகிறது.

கடைசியாகக் கோயில் பஜனை. ஆர்மோனியம், தபேலா, கஞ்சிரா, இவ்வளவுதான் என்றால், மைக் இல்லாத சின்ன மண்டபத்தில் 25 வாட்டே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து சமாளிக்கும். டிரம்ஸ் வந்தால் சமாளிக்காது. திருவிழாவில் உறுமி மேளம் பக்கத்தில் நின்றால் உங்கள் கூட்டாளிகள் சொல்லும் 100 வாட்டும் திணறும். அதற்காகப் பெரிய ஆம்ப் வாங்கி வீட்டில் வைக்க வேண்டாம். பேஸை மிக்ஸருக்குக் கொடுங்கள், மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்கள் அந்த வேலையைப் பார்க்கும். உங்கள் ஆம்ப் நீங்கள் கேட்பதற்கு மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். ரம்பிள் 40இல் இதற்கு எக்ஸ்எல்ஆர் லைன் அவுட், அதாவது மிக்ஸருக்கு நேராகக் கேபிள் போடும் துளை, இருக்கிறது, 25இல் இல்லை. இல்லாத ஆம்ப் என்றால் சின்னதாக ஒரு டிஐ பாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், பேஸை அதில் செருகினால் அது ஒரு வழியாக ஆம்புக்கும் இன்னொரு வழியாக மிக்ஸருக்கும் கொடுக்கும்.

ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிள் போட்டு மிக்ஸரில் செருகுகிறவர்கள் உண்டு. மிக்ஸரின் அந்தத் துளை பேலன்ஸ்டு துளையாக, அதாவது இரண்டு கம்பியில் வருவதன் வித்தியாசத்தை மட்டும் எடுக்கிற துளையாக இருந்தால், ஹெட்போனின் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிராகப் போய் அழிந்துவிடும். பேஸ் செத்துப்போன மாதிரி கேட்கும், இல்லை, கேட்கவே கேட்காது. சவுண்ட் பார்க்கிற அண்ணன் உங்கள் பேஸைக் குறை சொல்வார், குறை கேபிளில் இருக்கும். டிஐ பாக்ஸைக் கையோடு வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தம்பி, வாங்கியதும் எழுதுங்கள், எந்தக் குமிழை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தது பீடோரிலிருந்து ஒரு அக்கா, ஐந்து கம்பி பேஸில் பி கம்பி மட்டும் மங்கலாகக் கேட்கிறது என்கிறார். அதற்குப் போகலாம்.