ஒரு வினைச்சொல்லில் இரண்டு மரியாதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டோக்கியோவில் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து அதன் தலைவரைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். எதிர்முனையில் பேசும் இளம் ஊழியர், நேரில் கண்டால் குனிந்து வணங்கும் அதே தலைவரை, ‘சான்’ என்னும் மரியாதை ஒட்டை விட்டுவிட்டு வெறும் குடும்பப் பெயரால் சுட்டி, தாழ்மை வினையைப் பயன்படுத்தி, அவர் இருக்கையில் இல்லை என்பார். சியோலில் இதே கேள்விக்கு, ‘நிம்’ என்னும் ஒட்டோடும் உயர்வு வினையோடும் ‘எங்கள் தலைவர் அவர்கள் இல்லை’ என்ற தோரணையில் பதில் வரும். இருவரில் யாரும் மரியாதை தெரியாதவர் அல்லர். வெளியாளிடம் பேசும்போது தன்னைச் சேர்ந்தவரை உயர்த்திச் சொல்வது ஜப்பானியருக்கு அழகல்ல. கொரியருக்கோ, தமக்கு மூத்தவர் யார் முன்னிலையிலும் மூத்தவரே.

தமிழ் இந்த விஷயத்தில் கொரிய மொழியின் பக்கம் நிற்கிறது. கோவைப் பக்கத்து வீடொன்றின் கதவைத் தட்டினால், ‘எங்கப்பா ஊருக்குப் போயிருக்காருங்க’ என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்தக் கடைசிச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘ஆர்’ அப்பாவுக்கு, ‘ங்க’ வாசலில் நிற்கும் உங்களுக்கு. ஊருக்குப் போனவன் தம்பி என்றால் ‘போயிருக்கானுங்க’ என்று வரும்: தம்பிக்கு மரியாதை இல்லை, உங்களுக்கு உண்டு. பேசப்படுபவருக்கு ஒன்று, கேட்பவருக்கு ஒன்று என இரண்டு கணக்குகளை ஒரே வினை சுமக்கிறது. கொங்குத் தமிழில் இந்த ‘ங்க’ வினையோடு நிற்பதில்லை. ‘சனிக்கிழமைங்க’, ‘ஏனுங்க’ என்று எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளும்.

மொழியும் மரியாதையும் பற்றிய நவீன ஆய்வில் பெரிதும் பேசப்பட்ட கோட்பாடு இந்த மண்ணையும் தொட்டே உருவானது. பெனலப்பி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு மூன்று மொழிகளை முதன்மையாக எடுத்துக்கொண்டது: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், கோவை மாவட்டக் கிராமமொன்றின் தமிழ். ஒவ்வொருவருக்கும் காப்பாற்ற வேண்டிய ‘முகம்’ ஒன்று உண்டு (‘முகத்தில் அடித்தாற்போல் பேசினான்’ என்கிறோமே, அந்த முகம்தான்), கேட்பவரின் முகம் கெடாமல் பேசும் உத்திகளே பணிவு என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

1988-இல் மொழியியலாளர் யோஷிகோ மட்சுமோட்டோ இதை மறுத்தார். ‘இன்று சனிக்கிழமை’ என்ற வாக்கியம் யாருடைய முகத்தையும் கெடுக்காது. ஆயினும் ஜப்பானியத்தில் அதைச் சொல்ல, வாக்கியத்தை முடிக்கும் ‘தா’, ‘தெசு’, ‘தெ கொசாய்மசு’ என்னும் பணிவு கூடிக்கொண்டே போகும் மூன்று வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும், தேர்ந்த கணமே எதிரில் இருப்பவர் நமக்கு யார் என்பது வெளிப்பட்டுவிடும். அங்கே பணிவு உத்தி அல்ல, தப்பிக்க முடியாத இலக்கணம். இந்த மறுப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். கொங்கு நாட்டின் ‘சனிக்கிழமைங்க’ அதற்கு நல்ல சாட்சி.

ஆங்கிலத்தின் வழி வேறு. அங்கே வினைக்கு மரியாதை விகுதி கிடையாது. ஆகவே ‘சன்னலைச் சாத்த முடியுமா’ என்று கட்டளையைக் கேள்வியாக மாற்றித்தான் பணிவைக் காட்ட வேண்டும். நமக்குச் ‘சாத்துங்க’ என்றாலே போதும். பெற்ற தாயிடம் ‘எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தர முடியுமா’ என்று கேட்டால், ‘என்னடா, யார்மேல் கோபம்?’ என்பார்.

இதுவரை மரியாதையின் அழகைப் பேசினேன். அதன் மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் எழுதிய கட்டுரை, ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து, ஒருவர் ‘நீங்கள்’ கொடுத்து ‘நீ’ வாங்கும் இடத்தில் அதிகாரம் இருக்கிறது என்று காட்டியது. நம் ஊரில் இதை விளக்கக் கட்டுரையே தேவையில்லை. பண்ணையில் உழைத்தவர் வாழ்நாள் முழுவதும் ‘ங்க’ கொடுத்தார். பண்ணையாரின் பத்து வயதுப் பிள்ளையிடமிருந்துகூட ‘டா’தான் வாங்கினார். அந்த இனிய ‘ங்க’ எந்தத் திசையில் மட்டும் ஓடியது என்பதைச் சொல்லாமல் கொங்குத் தமிழின் மரியாதையை மட்டும் மெச்சுவது பாதி உண்மைதான். இன்றும் அரசு அலுவலகத்துக்கு வரும் வயதான கூலித் தொழிலாளியை ‘என்ன வேணும் உனக்கு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சுவீடன் இந்தச் சிக்கலைத் தனக்கேயுரிய விதத்தில் தீர்த்துக்கொண்டது. அங்கே ‘நீங்கள்’ என்பதற்குரிய ‘நி’ மேலிருந்து கீழே பேசும் சொல்லாகிக் கசந்துபோயிருந்ததால், மேலுள்ளவரிடம் ‘பேராசிரியர் காபி அருந்துகிறாரா?’ என்று படர்க்கையில் கேட்டுச் சமாளித்தார்கள். 1967-இல் மருத்துவ நிர்வாகத் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற பிரோர் ரெக்செத், ஊழியர் எல்லோரையும் ‘தூ’, அதாவது ‘நீ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அவருக்கு முன்பே தொடங்கியிருந்த மாற்றம் அதன்பின் நாடு முழுவதும் விரைந்து பரவியது. பிற்பாடு கடைகளில் இளம் பணியாளர்கள் மரியாதை என்று நினைத்து ‘நி’ போடத் தொடங்கியபோது, பழைய கசப்பை அறிந்த முதியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள்.

சுவீடனில் எல்லோரும் ‘நீ’க்கு இறங்கிச் சமமானார்கள். தமிழ்ப் பொதுவாழ்வில் கோரிக்கை மேல்நோக்கி எழுந்தது. எங்களுக்கும் ‘நீங்கள்’ கொடுங்கள் என்றே இங்கே கேட்டார்கள். பெருமளவு கிடைத்தும் இருக்கிறது. கணவனுக்கு ‘நீங்க’, மனைவிக்கு ‘நீ’ என்ற வீட்டுக் கணக்கு மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதில் இளையவர்கள் பலர் சுவீடன் வழியில் இருவருக்கும் ‘நீ’ என்று முடித்துக்கொள்கிறார்கள், மாமியார் காதில் விழாத தூரத்தில்.