ரயில் நிற்கும் இடத்திலிருந்து கார்: பல ஊர்களுக்கான முதல் வெளிநாட்டுச் சுற்றுலா

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

முதன்முறையாக வெளிநாட்டுச் சுற்றுலா செல்லத் தீர்மானித்து, ஒரே பயணத்தில் மூன்று நான்கு ஊர்களைப் பார்த்துவிட வேண்டும் என்று விரும்புகிற குடும்பத்தினர் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடுதான் திட்டமிடத் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியலைச் சில நாட்கள் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நாட்காட்டியை எடுத்து, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இடம் மாறுகிற நாட்களை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வேன். பயணத்தின் செலவும் களைப்பும் அந்த நாட்களில்தான் குவிந்து கிடக்கின்றன. ரயிலா, காரா என்ற கேள்விக்கு விடையும் அங்கேதான் கிடைக்கிறது.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க இத்தாலியை எடுத்துக்கொள்கிறேன். ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்று நகரங்கள் விரைவு ரயில் பாதையில் வரிசையாக அமைந்திருக்க, ஃப்ளோரன்ஸுக்குத் தெற்கே ரயில் எட்டாத மலை ஊர்கள் பல இருப்பதால், இரண்டு வாகனங்களுக்கும் உரிய இடம் அந்த நாட்டில் தெளிவாகத் தெரிகிறது.

ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதைப் பார்த்ததும், காலையில் ஒன்றரை மணி நேரம் போனால் போகட்டும், மீதி நாள் முழுவதும் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். விடுதி அறையைக் காலை பத்து பதினொரு மணிக்குள் காலி செய்ய வேண்டியிருக்கும். புதிய ஊரில் அறை கிடைக்கப் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணி ஆகும். பெட்டிகளைக் கட்டுவது, நிலையத்துக்குச் செல்வது, நடைமேடை அறிவிப்புக்குக் காத்திருப்பது, இறங்கியபின் தெரியாத தெருவில் விடுதியைத் தேடுவது என எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடுகிறது. பன்னிரண்டு இரவுகளில் ஆறு ஊர்கள் என்று திட்டமிட்டால் மாற்றங்கள் ஐந்து. அதாவது இரண்டரை நாட்கள் பெட்டியோடு கழியும்.

ஆகவே, பன்னிரண்டு இரவுகளை நான் இப்படிப் பிரிப்பேன். ரோமில் நான்கு, ஃப்ளோரன்ஸில் மூன்று, ஃப்ளோரன்ஸுக்குத் தெற்கே உள்ள சியெனாவுக்கு அருகே கிராமப்புறத்தில் மூன்று, வெனிஸில் இரண்டு. விமானத்தில் ரோமுக்குச் சென்று வெனிஸிலிருந்து திரும்பும்படி பயணச்சீட்டு எடுத்தால், தொடங்கிய ஊருக்கே திரும்பி வருகிற ஒரு நாள் மிச்சமாகும். போக ஒரு நகரம், வர ஒரு நகரம் என்று தேடும் வசதி பெரும்பாலான முன்பதிவுத் தளங்களில் இருந்தாலும், பலர் அதைக் கவனிப்பதில்லை. ஒரே நகரத்துக்கான இருவழிச் சீட்டு சற்று மலிவாகத் தோன்றினாலும், திரும்பி வருவதற்கான ரயில் கட்டணத்தையும் ஓர் இரவு வாடகையையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

இனி ரயிலைப் பற்றி. இத்தாலியின் விரைவுப் பாதையில் இரண்டு நிறுவனங்கள் ரயில்களை இயக்குகின்றன. ஒன்று அரசுக்குச் சொந்தமான ட்ரெனிட்டாலியா. மற்றொன்று 2012ஆம் ஆண்டு முதல் ஓடுகிற இத்தாலோ. இரண்டும் ஒரே தண்டவாளத்தில், ஒரே நிலையங்களில் நின்று சென்றாலும், ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது. விரைவு ரயில் சீட்டு குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கும் இருக்கைக்கும் உரியது. அதன் கட்டணம் விமானக் கட்டணத்தைப் போலவே, நாள் நெருங்க நெருங்க ஏறும். மலிவான சீட்டுகளை மாற்றவோ ரத்து செய்யவோ பெரும்பாலும் இயலாது. உள்ளூர் ரயில்களின் வழக்கம் வேறு. அவற்றின் கட்டணம் தூரத்தைப் பொறுத்து நிலையானது என்பதால் முன்கூட்டியே வாங்கி வைப்பதில் எந்த ஆதாயமும் இல்லை. ஆனால் தாளில் அச்சிட்ட உள்ளூர்ச் சீட்டை, ரயிலில் ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பெற வேண்டும். முத்திரையில்லாத சீட்டோடு பயணம் செய்தால், பணம் கொடுத்து வாங்கிய சீட்டாகவே இருந்தாலும் அபராதம் உண்டு.

முதல்முறை செல்பவர்கள் தடுமாறுகிற இடம் அறிவிப்புப் பலகை. உங்கள் சீட்டில் ஃப்ளோரன்ஸ் என்று இருக்கும். ரோம் தெர்மினி நிலையத்தின் பலகையில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். அந்த ரயில் ஃப்ளோரன்ஸில் நின்று மிலானுக்கோ வெனிஸுக்கோ போகிறது என்றால், பலகை அந்தக் கடைசி ஊரின் பெயரைத்தான் பெரிதாகக் காட்டும். ஆகவே ஊரின் பெயரை விட்டுவிட்டு, சீட்டில் உள்ள ரயில் எண்ணைப் பலகையில் தேடுங்கள். புறப்பாடுகளுக்கான பலகையில் ‘பார்த்தென்ஸே’ என்றும், வருகைகளுக்கான பலகையில் ‘அர்ரீவி’ என்றும் எழுதியிருக்கும். நடைமேடைக்கு ‘பினாரியோ’ என்று பெயர். நடைமேடை எண் பல நேரங்களில் புறப்பாட்டுக்குச் சற்று முன்புதான் பலகையில் வரும். அதுவரை பெட்டிகளோடு பலகைக்கு எதிரே ஒரு கூட்டமே நின்றிருக்கும். எண் வந்தவுடன் எல்லோரும் ஒரே திசையில் விரைவார்கள். பெட்டியை உங்கள் கையாலேயே தூக்கி ஏற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு கையால் தூக்கிப் படியேற முடியாத பெட்டி இந்த வகைப் பயணத்துக்கு ஏற்றதல்ல.

நிலையத்தின் முழுப்பெயரையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ரோமில் தெர்மினியும் திபுர்த்தினாவும் வெவ்வேறு நிலையங்கள். வெனிஸ் என்று தொடங்கும் முக்கிய நிலையங்கள் இரண்டு உண்டு. மெஸ்த்ரே நிலையம் கடலுக்கு இப்பால் நிலப்பகுதியில் இருக்கிறது. சாந்தா லூசியா நிலையம் தீவிலேயே இருக்கிறது.

ஃப்ளோரன்ஸ் வரை கார் எதற்கும் தேவையில்லை. அதற்குத் தெற்கே நிலைமை மாறுகிறது. பதினான்கு பழைய கோபுரங்கள் இன்றும் நிற்கிற சான் ஜிமிஞானோவில் ரயில் நிலையம் இல்லை. பொஜ்ஜிபொன்சியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். இரண்டாம் பயஸ் என்ற போப்பாண்டவர் தாம் பிறந்த சிற்றூரை 1459ஆம் ஆண்டு முதல் புதிய நகரமாகக் கட்டியெழுப்பிய பியென்சாவுக்கும் ரயில் கிடையாது. இந்த ஊர்களுக்கு இடையே சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கிற குன்றுச் சாலைகளில், விரும்பிய இடத்தில் நிறுத்தி, வெயில் சாயும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமானால், கார்தான் வழி. இதற்காக மட்டும் மூன்று நாட்களுக்குக் காரை வாடகைக்கு எடுங்கள். பயணம் முழுவதற்கும் எடுத்தால், ரோமிலும் வெனிஸிலும் அது சும்மா நிற்பதற்கே நாள்தோறும் பணம் கட்ட வேண்டியிருக்கும். வெனிஸில் கார் செல்லக்கூடிய எல்லை, 1933ஆம் ஆண்டு திறந்த பாலத்தைக் கடந்ததும் வருகிற பியாஸ்ஸாலே ரோமா சதுக்கமும் அதை ஒட்டிய நிறுத்துமிடங்களும்தான்.

காரை எடுக்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃப்ளோரன்ஸின் நடுவே எடுப்பதைவிட, நகர எல்லையில் உள்ள விமான நிலையத்தில் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுப்பது எளிது. 2019ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து நகர மையத்துக்கு டிராம் ஓடுகிறது. எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுப்பதால், வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணமும் இல்லை. நகருக்குள் இருக்கும் வாடகை அலுவலகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியிருப்பதுண்டு என்பதால், திருப்பிக் கொடுக்கும் கிழமையையும் பார்த்து வையுங்கள்.

நகர மையத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இத்தாலிய ஊர்களின் பழைய பகுதிகளில் வாகனக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் உண்டு. வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், அதன் அருகே ஒரு கேமரா, அவ்வளவுதான் அடையாளம். தடுப்புக் கம்பமோ காவலரோ பல இடங்களில் இருப்பதில்லை. மின் பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று ஒளிர்ந்தால், கட்டுப்பாடு இப்போது நடைமுறையில் இருக்கிறது, நுழையக் கூடாது என்று பொருள். ‘அத்தீவோ’, அதாவது இயங்குகிறது என்ற சொல்லைப் பார்த்துவிட்டு வழி திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். ஒரு மலை ஊரில் பெட்டிகளை விடுதி வாசலில் இறக்கிவிடலாம் என்று கைபேசி காட்டிய வழியிலேயே நாங்கள் சென்றோம். இரண்டு நிமிடம்கூட நின்றிருக்க மாட்டோம். ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, வாடகை நிறுவனம் எங்கள் முகவரியைக் கொடுத்ததற்கான கட்டணம் முதலிலும், அபராதக் கடிதம் பின்னரும் வந்தன. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அத்தகைய கடிதத்தை அனுப்ப 360 நாட்கள் வரை சட்டப்படி அவகாசம் உண்டு. மண்டலத்துக்குள் தங்குவதாக இருந்தால், காரின் எண்ணைப் பதிவுசெய்து தர இயலுமா என்று விடுதியிடம் முன்பே எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது.

காருக்கான ஆவணங்களில் கவனம் சற்று அதிகமாகவே வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற ஓட்டுநர் உரிமத்தோடு இத்தாலியில் ஓட்ட, சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டையோ உரிமத்தின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பையோ வைத்திருக்க வேண்டும். அந்த அனுமதிச் சீட்டு தனியாகச் செல்லாது. மூல உரிமத்தையும் உடன் காட்ட வேண்டும். ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கடன் அட்டையைப் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். முன்பணமாக ஒரு தொகையை அதில் முடக்கி வைப்பார்கள். கணவர் ஓட்ட, மனைவியின் அட்டை மட்டும் இருக்கிறது என்றால் சாவி கிடைக்காமலே போகலாம். தானியங்கி கியர் தேவையென்றால் முன்பதிவிலேயே அப்படிக் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரைச் சுற்றி வந்து கீறல்களையும் சக்கரங்களையும் எரிபொருள் முள்ளையும் படம் எடுத்துக்கொண்ட பிறகே நகருங்கள்.

எரிபொருள் நிலையத்தில் ‘பென்சினா’ என்றால் பெட்ரோல், ‘கசோலியோ’ என்றால் டீசல். இரண்டாவது சொல்லின் ஓசையில் ஏமாந்து பெட்ரோல் காரில் டீசலை நிரப்பிவிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும். கட்டணச் சாலையில் நுழையும்போது சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வெளியேறும்போது பணம் செலுத்த வேண்டும். மஞ்சள் அடையாளமிட்ட தனித்தடம், தானாகக் கட்டணம் செலுத்தும் கருவி பொருத்திய வண்டிகளுக்கு உரியது. ஃப்ளோரன்ஸிலிருந்து சியெனா செல்லும் விரைவுச் சாலைக்குக் கட்டணம் இல்லை. நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர் என்றாலும், மழை பெய்தால் அது 110 ஆகக் குறைகிறது. சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாள் நீண்ட தூரம் வைத்துக்கொள்ள வேண்டாம். நீண்ட விமானப் பயணம் முடித்த அன்றே ஸ்டீயரிங்கைப் பிடிப்பதை யாருமே செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரோமில் முதல் நாட்களைக் கழித்துவிட்டுப் பிறகு காரை எடுக்கிற இந்த வரிசையை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விசா தேவைப்படுவோருக்கு, பணம் கட்டும் வரிசையும் முக்கியம். இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாட்கள் என்றாலும், அதுவரை காத்திருக்க வேண்டாம். பல நாடுகளுக்குச் செல்வதாக இருந்தால், அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும். விடுதிகளை ரத்து செய்யும் வசதியோடு முதலில் பதிவுசெய்யுங்கள். ரத்து செய்ய முடியாத ரயில் சீட்டுகளை விசா கையில் வந்த பிறகு வாங்குங்கள். இதற்கிடையே கட்டணம் கொஞ்சம் ஏறலாம். முழுத்தொகையையும் இழப்பதைவிட அந்த வித்தியாசத்தைக் கொடுப்பது மேல்.

இத்தனையும் முடிந்த பிறகு, முதலில் ஒதுக்கி வைத்த பட்டியலை எடுங்கள். ஃப்ளோரன்ஸின் உஃபிஸி கலைக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். இடம் மாறும் நாளை அந்த விடுமுறை நாளோடு பொருத்திவிட்டால், எப்படியும் போகப்போகிற அரை நாளுக்காகக் கலைக்கூடத்தை இழக்க வேண்டியதில்லை. காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃப்ளோரன்ஸிலிருந்து வெனிஸுக்கு ரயிலில் வர இரண்டேகால் மணி நேரம் போதும். சாந்தா லூசியா நிலையத்தின் கதவைத் தாண்டிப் படிகளில் இறங்கினால், சாலை இருக்க வேண்டிய இடத்தில் பெருங்கால்வாய் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி இரவுக்கான விடுதியை மட்டும் விமான நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெனிஸ் விமான நிலையம் நிலப்பகுதியில் இருக்கிறது. நடுத்தீவிலிருந்து படகில் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பியாஸ்ஸாலே ரோமாவிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். அதிகாலை விமானம் என்றால், அந்தப் பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுத்துவிடுங்கள்.

வணக்கம்.