மினி டிராக்டருக்கு வீட்டுலயே ரெண்டு லீவர் வால்வ் மாட்டுறோம் | உப்புக் காத்து ஊர்ல ஹைட்ராலிக் வேலை

வணக்கம் மக்களே. உச்சிப்புளிப் பக்கத்துல நம்ம தோப்புல இருந்து பேசுறேன். கச்சான் காத்து நேரம், மைக்குல இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கங்க.

இன்னைக்கு வேலை இந்த வண்டியிலதான். தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி விடுறோம். அதுக்குள்ள பெரிய டிராக்டரை வளைச்சுத் திருப்புறது செரமம். சின்ன வண்டிதான் தோதுப்படும். ஆனா இதுல ஹைட்ராலிக்னா பின்னாடி கலப்பையத் தூக்குற லிஃப்ட் மட்டும்தான். எனக்குக் கூடுதலா ரெண்டு வேலை வேணும். எருக் கொட்டுற குட்டி டிரெய்லரைத் தூக்கணும். பின்னாடி மாட்டுற பிளேடை ஒருக்களிச்சு வாய்க்கா எடுக்கணும். டிரெய்லர் ஜாக்கி, அதாவது எண்ணெய் பிரஷர்ல நீளுற சிலிண்டர், சிங்கிள் ஆக்டிங்: எண்ணெய் போனா ஏறும், லீவரை எறக்கத்துக்குப் போட்டா பாரத்துலயே எறங்கிரும். பிளேடுக்கு டபுள் ஆக்டிங் வேணும்: தள்ளவும் எண்ணெய், இழுக்கவும் எண்ணெய். அதான் ரெண்டு லீவர்.

இப்பச் சொல்றதை அவசரப்படாமக் கேளுங்க. இந்த வண்டி ஓப்பன் சென்டர். இஞ்சின் ஓடுற வரைக்கும் கியர் பம்ப் எண்ணெயத் தள்ளிக்கிட்டேதான் இருக்கும். நம்ம லீவரைத் தொடாதப்ப, அந்த எண்ணெய் புது வால்வோட நடு வழியாப் பூந்து, லிஃப்டுக்குப் போயி, திரும்பக் கியர்பாக்ஸுக்கே வந்து சேரணும். வழி எங்கிட்டு அடைபட்டாலும் பிரஷர் ஏறும். ரிலீஃப் வால்வ் தொறந்து எண்ணெயத் திருப்பிவிட்டாச் சரி. அது வேலை செய்யலைன்னா பம்போ ஹோஸோ வெடிக்கும்.

இந்தா, வால்வக் கிட்டத்துல காட்டுறேன். ஜாக்கிகளுக்குப் போற வழிகளை விட்டுட்டா இதுல மூணு வழி. பம்புல இருந்து வர்ற எண்ணெய் நுழையிற வழி ஒண்ணு. ஜாக்கியில இருந்து திரும்புற எண்ணெயும் ரிலீஃப் எண்ணெயும் டேங்குக்கு, நம்ம வண்டியில கியர்பாக்ஸுக்கு, போற வழி ஒண்ணு. மூணாவது பவர் பியாண்ட், இதுல இருந்துதான் லிஃப்டுக்கு லைன் போகணும். போன வீடியோவுக்குக் கீழ ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு, "தம்பி, டேங்க் வழியையே லிஃப்டுக்குக் குடுத்தா ஒரு ஹோஸ் மிச்சமாச்சே"ன்னு. வேணாண்ணே. லிஃப்டு பாரத்தைத் தூக்கும்போது முழுப் பிரஷரும் பின்வாங்கி அந்த டேங்க் வழிக்குள்ள நிக்கும். அந்தப் பக்கம் அதுக்காகச் செஞ்சதில்ல. சீல் பிதுங்கும், வால்வ் பாடியே விரிசல் விடலாம். கடையில வாங்கும்போது பவர் பியாண்ட் ஸ்லீவ், அதாவது அந்த வழியை டேங்க் வழியில இருந்து பிரிக்கிற குட்டிக் குழல், இருக்கான்னு கேட்டு, கையில வாங்கிப் பாத்துட்டுக் காசு குடுங்க. பாக்க ஒரே மாதிரி இருக்குற வால்வுல அந்தச் சின்ன ஸ்லீவ் இல்லாமலும் வருது.

அடுத்து, எம்புட்டு பலம் கெடைக்கும்? பிளேடுக்கு நான் எடுத்திருக்கிற ஜாக்கி உள்விட்டம் 50 மில்லி, அதுல இருந்து நீண்டு வர்ற ராடு 30 மில்லி. 150 பார் பிரஷர்ல தள்ளும்போது சுமாரா 3 டன், இழுக்கும்போது 1.9 டன். இழுக்கும்போது ஏன் கொறையுதுன்னா, ராடு எடத்தப் புடிச்சுக்கிறதால எண்ணெய் தள்ளுற பரப்பு கொறைஞ்சுபோகுது. இந்தச் சின்ன பிளேடுக்கு இதுவே தாராளம். பெரிய ஜாக்கியா மாட்டுனா பலம் கூடும், ஆனா நெறைய எண்ணெய் குடிக்கும், மெதுவா நகரும். டிரெய்லர் ஜாக்கி முழுசா ஏறி நிக்கிறப்ப கியர்பாக்ஸ்ல எண்ணெய் மட்டம் எறங்கும், அதையும் கணக்குல வைக்கணும்.

ரிலீஃப் வால்வ வண்டி புத்தகத்துல போட்டிருக்கிற பிரஷருக்கு மேல திருகாதீங்க. கேஜ் மாட்டிப் பாத்து வைங்க. காதுல சத்தத்தக் கேட்டுட்டு "போதும்"னு விடுற வேலை இது இல்ல.

ஹோஸ் ரெண்டு கம்பிப் பின்னல் உள்ளது, ஆர்-2ன்னு கேட்டா குடுப்பாங்க. 3/8 இஞ்சுல 330 பார் வரைக்கும் தாங்கும். ஒத்தப் பின்னல் 180 பார்தான். மேல ஒரு கோடு எழுத்தோட ஓடுது பாருங்க, அது நேரா இருக்கணும். கோடு சுத்திக்கிட்டுப் போச்சுன்னா ஹோஸ் முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், லூஸ் பண்ணித் திரும்ப மாட்டுங்க. மரைக்கு டெஃப்லான் டேப் சுத்தவே கூடாது. தண்ணிக் குழாய்க்கு அது சரி. இங்க ஒரு துணுக்குப் பிஞ்சு உள்ள போனா ஸ்பூல், அதாவது லீவரோட சேந்து வால்வுக்குள்ள நகர்ற தண்டு, சிக்கிரும். பி.எஸ்.பி.ங்கிற பிரிட்டிஷ் பைப் மரைக்கு டவுட்டி வாஷர், அதாவது உள்விளிம்புல ரப்பர் ஒட்டுன இரும்பு வளையம், போட்டு முறுக்குங்க, போதும்.

எண்ணெயும் கவனம். நம்ம வண்டியில கியர், ஹைட்ராலிக், எண்ணெயில முங்குன பிரேக்கு மூணுக்கும் ஒரே எண்ணெய். கொறையுதேன்னு வெறும் 68 நம்பர் ஹைட்ராலிக் எண்ணெய ஊத்துனா பிரேக்கு கீச்சிடும், புடிப்பும் கெட்டுப்போகும். புத்தகத்துல எழுதியிருக்கிற ரகம் மட்டும் ஊத்துங்க.

இனிமே சொல்றது நம்ம கடலோர ஆளுங்களுக்கு. தேவிபட்டினம், தொண்டி, ஏர்வாடி, வாலிநோக்கம், எங்கிட்டு இருந்து பாத்தாலும் சரி, ஹைட்ராலிக்குக்கு ரெண்டு எதிரி: மணலும் உப்பும். மணலு கண்ணுக்குத் தெரியாத பொடி. ஸ்பூலுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எடைவெளி முடியவிட மெல்லிசு, அங்க பொடி மணல் போனா உப்புத்தாள் வெச்சுத் தேச்ச மாதிரி தேயும். அதான் காத்து எழும்புறதுக்கு முன்னாடி விடியக்காலையில, சிமெண்டுத் தரையில, லைனைக் கழட்டுறேன். கழட்டுன வாயை அந்த நிமிசமே பிளாஸ்டிக் மூடியால அடைக்கணும். துணி திணிக்காதீங்க, நூல் உள்ள போகும்.

உப்பு ராடைத் தின்னும். ராடு மேல இருக்கிற குரோம் பூச்சுல ஊசி முனையாட்டம் குழி விழும். அந்தக் குழி ஒவ்வொரு தடவை உள்ள போகும்போதும் சீல கிழிக்கும், அப்புறம் ஒழுக்குதான். அதனால வண்டிய நிறுத்தும்போது ஜாக்கிய முழுசா உள்ள இழுத்து நிறுத்துங்க. வெளிய நிக்கிற பாகத்துல எண்ணெய் தடவுங்க. ஹோஸைச் சட்டுன்னு மாட்டிக் கழட்டுற குயிக் கப்ளருக்கு ரப்பர் மூடி கண்டிப்பா போடுங்க. கடக்கரை மணல்ல ஓட்டிட்டு வந்தா நல்ல தண்ணியில கழுவுங்க. எங்க பக்கம் கெணத்துத் தண்ணியே சில எடத்துல உவர்ப்பு, அதுல கழுவாதீங்க.

ஒரு எச்சரிக்கை, இத ஒருத்தரும் தட்டிவிடாதீங்க. ஹோஸ்ல ஊசித் தொளை விழுந்தா எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமப் பீச்சும். கைய வெச்சுத் தேடுனா தோலத் தொளைச்சு உள்ள போயிரும். மேல பாத்தா சின்னப் புள்ளிதான் இருக்கும், வலியும் மொதல்ல பெருசா இருக்காது. ஆனா உள்ள தசை அழுகி, வெரல எடுக்குற நெலமை வரும். அட்டைய வெச்சுத் தேடுங்க. பட்டுருச்சுன்னா, காயம் சின்னதுன்னு வீட்ல ஒக்காராம உடனே ஆஸ்பத்திரி போயி, "பிரஷர்ல எண்ணெய் ஏறிருச்சு"ன்னு தெளிவாச் சொல்லுங்க. லைனைக் கழட்டும் முன்னாடி லிஃப்டு, டிரெய்லர் எல்லாத்தையும் தரையில எறக்கி, இஞ்சினை நிறுத்தி, லீவரை ரெண்டு பக்கமும் ஆட்டிப் பிரஷரை விட்டுருங்க. தூக்கி நிக்கிற டிரெய்லருக்குக் கீழ தலைய விடவே விடாதீங்க.

சரி, எல்லாம் முறுக்கியாச்சு. ஐடில்ல ஸ்டார்ட் பண்றேன். மொதல்ல லீவரைத் தொடாம லிஃப்டு ஏறுதான்னு பாக்கணும். ஏறுது, பாருங்க. இப்ப ஜாக்கிய மெதுவா முழுசா நீட்டி, முழுசா இழுக்குறேன். மொதல் தடவை குதிச்சுக் குதிச்சுத்தான் நகரும், உள்ள காத்து இருக்கு. நாலஞ்சு தடவை ஆட்டுனா சீராயிரும். இஞ்சினை நிறுத்தி, ஜாக்கி உள்ள இருக்கும்போதே டிப்ஸ்டிக்கப் பாத்து, கொறைஞ்ச எண்ணெய ஊத்திரலாம். ஜாயிண்டு எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு, ஈரம் இல்ல.

பிளேடு மாட்டி வாய்க்கா எடுக்குறத அடுத்த வீடியோவுல போடுறேன். உங்க வண்டி ஓப்பன் சென்டரான்னு சந்தேகம் இருந்தா மாடலை எழுதுங்க, பாத்துச் சொல்றேன்.